எழுத்துப் போட்டவர் – சால் பாஸும் திரைப்படத்தின் பாயிரமும்

படம் தொடங்குவதை நம் ஊர்களில் 'எழுத்துப் போடுவது' என்றே சொல்லி வந்திருக்கிறோம். எழுத்துப் போடுவதற்குள் கொட்டகைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று ஓடியவர்கள் உண்டு. எழுத்துத்தானே ஓடுகிறது என்று முறுக்குக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு நின்றவர்களும் உண்டு. உலகெங்கும் இந்த இரண்டாவது வகையினரே பெரும்பான்மையாக இருந்த ஒரு காலத்தில், அந்தச் சில நிமிடங்களைப் படத்தின் உயிரான பகுதியாக மாற்றிக் காட்டியவர் சால் பாஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். இன்று மோஷன் கிராபிக்ஸ் என்று வழங்கும் துறைக்கு முன்னோடி யார் என்று கேட்டால் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. அவரது கலையைப் பற்றியும், அக்கலையைச் சுற்றி நிகழ்ந்த பெயர்களின் வழக்கைப் பற்றியும் இங்கே எழுத முயல்கிறோம்.

தமிழ் வாசகருக்கு இக்கலை முற்றிலும் புதியதன்று. நூலுக்கு முன்னே பாயிரம் வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. நூலை ஆக்கியோன் பெயர், நூலின் பெயர், அது நுதலிய பொருள், அதைக் கேட்டற்குரியோர், அதனால் விளையும் பயன் ஆகியவற்றைச் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டும் என்று வகுத்த நன்னூல், அதை நூலாசிரியனே பாடிக்கொள்ளலாகாது என்றும் விதித்தது. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, தகுதி வாய்ந்த உரைகாரனோ பாட வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது மரபு. அவரே ஓர் இலக்கணம் செய்தார் என்பர். அது முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. பிறர் நூலுக்குப் பாடிய பாயிரத்தாலேயே அவர் நம் நினைவில் நிற்கிறார். சால் பாஸின் நிலையும் ஏறக்குறைய அதுவே. பிறருடைய படங்களுக்கு முன்னே பிறருடைய பெயர்களை எழுதியவர் அவர்.

*

1920ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பாஸ் பிறந்தார். தந்தை தோலாடைத் தொழில் செய்தவர். மன்ஹாட்டனில் ஓவியம் பயின்று, திரைப்பட விளம்பரங்கள் வரையும் பணியில் சேர்ந்த பாஸின் பார்வையைத் திருப்பியது ஒரு புத்தகம். ஹங்கேரியிலிருந்து வந்த ஓவியரும் சிந்தனையாளருமான ஜார்ஜ் கெபெஷ் எழுதிய 'லாங்வேஜ் ஆஃப் விஷன்' 1944இல் வெளிவந்தது. அதைப் படித்த பாஸ், கெபெஷ் புரூக்ளின் கல்லூரியில் பாடம் நடத்துகிறார் என்று அறிந்து அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். கோடும் வெளியும் நிறமும் எதையும் சித்திரிக்காமலே பொருள் தரக்கூடும் என்ற ஐரோப்பிய நவீனத்துவத்தின் பாடத்தைக் கெபெஷிடம் கற்றுக்கொண்டு, 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்றார்.

அன்றைய ஹாலிவுட்டில் படத்தின் தொடக்கப் பெயர்கள் எப்படி இருந்தன? பெரும்பாலும் பட்டுத்துணியின் மீதோ, தோல் அட்டைப் புத்தகத்தின் பக்கங்களிலோ, கதை நடக்கும் ஊரின் நிலைப்படத்தின் மீதோ எழுதப்பட்ட அட்டைகள். விதிவிலக்குகள் இருந்தன. எனினும் திரையரங்கு முதலாளிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரைச்சீலை மூடியிருக்கும்போதே பெயர்கள் ஓடத் தொடங்கிவிடும். அவை முடியும் நேரத்தில் சீலை விலகும்.

பெயர்களின் அளவும் வரிசையும் வடிவமைப்பாளரின் கையில் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எந்த நடிகரின் பெயர் முதலில், படத்தலைப்பின் அளவில் எத்தனை விழுக்காடு பெரிதாக, தனி அட்டையிலா கூட்டத்தோடா என்பதையெல்லாம் ஒப்பந்தங்களும் சங்க விதிகளும் தீர்மானித்தன. வழக்கறிஞர்கள் எழுதித் தந்த அந்தப் பட்டியலைக் கவிதையாக்குவதுதான் பாஸ் ஏற்றுக்கொண்ட வேலை.

இயக்குநர் ஆட்டோ பிரெமிஞ்சர் 'கார்மென் ஜோன்ஸ்' (1954) படத்தின் சுவரொட்டிக்காக பாஸ் வரைந்த சின்னத்தைப் பார்த்து, அதையே படத்தின் தொடக்கத்துக்கும் பயன்படுத்தினார். தீச்சுடரும் ரோஜாவும் இணைந்த சின்னம் அது. அடுத்த ஆண்டு இருவரும் இணைந்த படம் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்'. நெல்சன் ஆல்கிரனின் நாவலைத் தழுவியது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள முயலும் ஒரு சீட்டாட்டக்காரனாக ஃபிராங்க் சினாட்ரா நடித்தார். போதைப்பழக்கத்தைத் திரையில் காட்டுவதே அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளுக்கு முரணானது. படத்துக்கு அனுமதி முத்திரை மறுக்கப்பட்டது. முத்திரை இல்லாமலே அது வெளியானது. அதற்கடுத்த ஆண்டு அந்த விதியே தளர்த்தப்பட்டது.

இத்தகைய படத்துக்கு பாஸ் செய்த தொடக்கத்தில் ஊசி இல்லை, சினாட்ராவின் முகம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் பட்டை மேலிருந்து இறங்குகிறது. பிறகு இன்னொன்று, இன்னும் சில. எல்மர் பெர்ன்ஸ்டைனின் ஜாஸ் இசைக்கு ஏற்ப அவை நீண்டும் நின்றும் குறுக்கிட்டும் செல்ல, இடைவெளிகளில் பெயர்கள் தோன்றி மறைகின்றன. கடைசியில் அப்பட்டைகள் ஒன்றுகூடி, முறுக்கித் திருகிய ஒரு கையாகி நிற்கின்றன. நரம்பில் விஷம் ஏறிய கை, சீட்டுக் கலைக்கும் கை, யாரிடமோ இரக்கும் கை என்று எப்படியும் அதைப் படிக்கலாம். சுவரொட்டியிலும் நாளிதழ் விளம்பரத்திலும் அதே கைதான் முன்நின்றது. ஒரு படத்தின் முழுப் பொருளையும் ஒரே உருவில் வடித்தெடுத்து, அதை அசையவிடுவது என்பது இங்கே தொடங்கியது. இப்படத்தின் ஃபிலிம் பெட்டிகள் மீது, திரைச்சீலையை விலக்கிய பிறகே பெயர்களை ஓட்டவும் என்று திரையிடுவோருக்கு ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள்.

*

பிரெமிஞ்சரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். 'அரவுண்ட் த வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்' (1956) படத்துக்குப் பெயர்களை முடிவில் வைத்து, முழுக்கதையையும் சில நிமிட அனிமேஷனாக மறுபடி சொன்னார். அதில் கதைநாயகன் கால் முளைத்த ஒரு கடிகாரம். 'அனாடமி ஆஃப் எ மர்டர்' (1959) படத்துக்கு, வெட்டி அடுக்கிய காகிதத் துண்டுகளால் ஆன ஒரு மனித உடல். டியூக் எலிங்டனின் இசை ஒலிக்க, கையும் காலும் தலையும் தனித்தனியே வந்து போகும்.

ஆனால் பாஸின் பெயரை நிலைநிறுத்தியவை ஹிட்ச்காக்குக்காக அவர் செய்த மூன்று தொடக்கங்கள். 1958இல் வந்த 'வெர்டிகோ'வில் ஒரு பெண்ணின் முகம் அண்மையில் தெரிகிறது. உதடு, பிறகு கண்கள், பிறகு ஒற்றைக் கண். திரை செந்நிறமாக, கண்மணியின் ஆழத்திலிருந்து படத்தலைப்பு எழுகிறது. அதன்பின் அந்த இருளுக்குள் சுருள்கள் சுழன்று வரத் தொடங்குகின்றன. பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் அதே சுழற்சியில் ஏறி இறங்குகிறது. விழுவதும் மயங்குவதும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவருவதும் என, படம் இரண்டு மணிநேரத்தில் சொல்லப்போவதை அச்சுருள்கள் மூன்றே நிமிடத்தில் உணர்த்திவிடுகின்றன.

அந்தச் சுருள்களின் கதை தனியே சொல்லத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிவியலாளர் லிஸ்ஸாஜு ஆராய்ந்த வளைகோடுகளை அடிப்படையாகக் கொண்டவை அவை. கையால் வரைந்தால் அந்தத் துல்லியம் வராது. அதை நிறைவேற்றித் தந்தவர் ஜான் விட்னி. தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து 1940களிலேயே அருவமான அசைபடங்களைச் செய்துவந்தவர் அவர். இரண்டாம் உலகப்போரில், பறந்துவரும் விமானம் அடுத்த கணம் எங்கிருக்கும் என்று கணக்கிட்டுப் பீரங்கிக்குச் சொல்லும் கருவிகள் பயன்பட்டன. போருக்குப் பின் கழித்துக் கட்டப்பட்ட அக்கருவிகளை வாங்கிப் பிரித்து, ஓவியத்தையும் கேமராவையும் கணக்குப்படி சுழற்றும் இயந்திரங்களாக விட்னி மாற்றியமைத்தார். கொல்வதற்காகச் செய்த கணிதம் கோலம் போடுவதற்குப் பயன்பட்டது.

1960இல் விட்னி ஒரு நிறுவனம் தொடங்கி அதற்கு 'மோஷன் கிராபிக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று ஒரு தொழிலின் பெயராகவே வழங்கும் அச்சொல் பரவியதில் அந்நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் 'வெர்டிகோ'வின் பெயர் வரிசையில் விட்னியின் பெயர் இல்லை. தொடக்க வடிவமைப்பு சால் பாஸ் என்று மட்டுமே திரை சொல்கிறது. பெயர்களை எழுதும் கலையின் முதல் பெரும் சாதனையிலேயே ஒரு பெயர் விடுபட்டுப் போயிற்று.

அடுத்த ஆண்டு 'நார்த் பை நார்த்வெஸ்ட்'. பச்சை வெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடிக் கட்டமாகின்றன. பெயர்கள் மின்தூக்கிபோல அவற்றின் மீது ஏறி இறங்குகின்றன. பார்த்திருக்கும்போதே அக்கட்டம் நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடமொன்றின் முகப்பாகிவிடுகிறது. அதன் பிறகு 'சைக்கோ' (1960). சாம்பல்நிறப் பட்டைகள் பாய்ந்து வந்து எழுத்துகளைக் கிழித்துப்போகும் தொடக்கம் அது. அப்படத்தில் பாஸுக்குக் காட்சி ஆலோசகர் என்ற இன்னொரு பெயரும் உண்டு. புகழ்பெற்ற குளியலறைக் கொலைக் காட்சிக்குச் சட்டகம் சட்டகமாகப் படம் வரைந்து கொடுத்தவர் அவரே. பின்னாளில், அக்காட்சியை இயக்கியதும் தாமே என்று அவர் சொல்லப்போக, பெரும் சர்ச்சை எழுந்தது. அதில் நடித்த ஜேனட் லீயும் உதவி இயக்குநரும் அதை மறுத்தார்கள். 1966இல் வெளிவந்த த்ருஃபோவின் நேர்காணல் நூலிலோ, ஹிட்ச்காக் பாஸின் பங்கை வேறொரு மாடிப்படிக் காட்சியோடு நிறுத்திக்கொள்கிறார். அதையும் தாம் ஏற்கவில்லை என்கிறார்.

இதை நாம் எப்படிப் பார்ப்பது? பாஸ் வரைந்த சட்டகங்கள் இன்றும் இருக்கின்றன. துண்டு துண்டாகத் தெறிக்கும் அந்தக் காட்சிமுறை, அவர் காகிதத்தில் உடலை வெட்டி அடுக்கிய முறைக்கு உறவானது என்பது கண்ணுள்ளவர்க்குத் தெரியும். படப்பிடிப்புத் தளத்தில் கேமராவுக்குப் பின்னே நின்று முடிவெடுத்தவர் ஹிட்ச்காக் என்பதற்குச் சாட்சிகள் போதிய அளவு உள்ளனர். இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஒருவருக்குரிய ஒற்றை நாற்காலியைத் தேடுவதால்தான் இவ்வழக்கு முடியாமல் நீள்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

*

அதே 1960ஆம் ஆண்டில் பாஸின் கை வழியாக நிகழ்ந்த வேறொன்று, குளியலறைச் சர்ச்சையைவிடப் பெரியது. அதை அவரது கலையைப் பற்றிப் பேசுவோர் போதிய அளவு பேசுவதில்லை.

டால்டன் ட்ரம்போ என்ற திரைக்கதை ஆசிரியர் 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்த பதின்மரில் அவரும் ஒருவர். 1950இல் சிறை சென்றார். வெளியே வந்தபோது எந்த ஸ்டூடியோவும் அவர் பெயரைத் திரையில் போடத் தயாராக இல்லை. அவர் எழுதாமல் இருக்கவில்லை. பிறர் பெயரிலும் புனைபெயரிலும் எழுதினார். 'ரோமன் ஹாலிடே' (1953) கதைக்கான ஆஸ்கர், அவருக்காகப் பெயர் கொடுத்த நண்பரிடம் போயிற்று. 'தி பிரேவ் ஒன்' (1956) படத்தின் கதைக்கு விருது அறிவிக்கப்பட்டபோது, ராபர்ட் ரிச் என்ற அந்த எழுத்தாளர் எங்கும் இல்லை. அப்படியொரு எழுத்தாளரே கிடையாது.

1960 ஜனவரியில், தம்முடைய 'எக்ஸோடஸ்' படத்தின் திரைக்கதை ஆசிரியர் ட்ரம்போ என்று பிரெமிஞ்சர் வெளிப்படையாக அறிவித்தார். கிர்க் டக்ளஸின் நிறுவனம் எடுத்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்துக்கும் அவரே திரைக்கதை. அதன் மூல நாவலை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்டும் 1950இல் சிறைப்பட்டவர். பதிப்பகங்கள் மறுத்ததால் 1951இல் நாவலைத் தாமே அச்சிட்டவர். அக்டோபரில் 'ஸ்பார்ட்டகஸ்' வந்தது. டிசம்பரில் 'எக்ஸோடஸ்' வந்தது. இரண்டு படங்களுக்கும் பெயர் எழுதியவர் சால் பாஸ்.

'ஸ்பார்ட்டகஸ்' தொடக்கத்தை இதை அறிந்துகொண்டு மறுபடி பார்க்க வேண்டும். கல்லில் செதுக்கிய கைகள், வாள், கழுகு, ரோமானியச் சிலைகளின் தலைகள் ஒவ்வொன்றாக இருளிலிருந்து எழுகின்றன. அதிகாரத்தின் முகங்கள் அவை. இறுதியில் ஒரு முகம் விரிசல் கண்டு நொறுங்குகிறது. அந்தச் சிலைகளுக்கிடையே, பல ஆண்டுகளாக எந்தத் திரையிலும் தோன்றாத ட்ரம்போவின் பெயர், மற்ற எல்லாப் பெயர்களையும் போல அமைதியாக வந்து நின்று மறைகிறது. அதற்குத் தனி அலங்காரம் எதுவும் கிடையாது. தனியாக எதுவும் செய்யாமல் உரிய இடத்தில் வைத்ததே அங்கு செய்யத்தக்கதாக இருந்தது. வெளியே, படைவீரர் சங்கத்தினர் திரையரங்குகளின் முன் மறியல் செய்தார்கள். குடியரசுத் தலைவர் கென்னடி அம்மறியலைக் கடந்து சென்று படம் பார்த்தார்.

அப்பெயரைத் திரும்பக் கொண்டுவரும் முடிவு பாஸுடையதன்று. அதைத் தயாரிப்பாளர்கள் எடுத்தார்கள். அதற்கான விலையை ட்ரம்போ முன்னரே கொடுத்திருந்தார். ஆனால் முறுக்கு வாங்கும் இடைவேளையாகவே பெயர் வரிசை இருந்திருந்தால், அந்த மீட்சியைக் கண்டவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? மக்களைப் பெயர்களைப் பார்க்கப் பழக்கிய ஐந்தாண்டு உழைப்பு அதற்கு முன்னே இருந்தது. எழுத்துப் போடும் கலையின் பயன் என்ன என்று கேட்போருக்கு இந்த ஒன்றையே விடையாகச் சொல்வோம்.

*

'ஸ்பார்ட்டகஸ்' தொடக்கத்தில் இன்னொருவரின் உழைப்பும் உண்டு. 1950களின் நடுவில் பாஸின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த எலைன் மக்கட்டூரா, அப்படத்திலிருந்து தொடக்கக் காட்சிகளின் உருவாக்கத்தில் நேரடியாகப் பங்கேற்றார். 1961இல் இருவரும் மணந்துகொண்டனர். 1960களில் வந்த படங்களின் திரையில் சால் பாஸ் என்ற ஒற்றைப் பெயர்தான் உள்ளது. 'வாக் ஆன் த வைல்ட் சைட்' (1962) படத்தின் கரும்பூனையை அறியாத திரை ஆர்வலர் இல்லை. குழாய்க்குள்ளிருந்து வெளிவந்து, சந்துகளில் நடந்து, ஒரு வெள்ளைப் பூனையோடு மோதிவிட்டு மறுபடி தன் வழியே போகும் பூனை அது.

1960களின் நடுவுக்குப் பின் ஹாலிவுட் அவர்களை அழைப்பது குறைந்தது. பாட்டோடு தொடங்குவதோ நேரே கதைக்குள் குதிப்பதோ புதிய வழக்கமாயிற்று. பாஸ் தம்பதியர் குறும்படங்களுக்குத் திரும்பினர். 'வை மேன் கிரியேட்ஸ்' (1968) சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அமெரிக்காவின் அன்றாட வாழ்க்கையில் கலந்துவிட்ட இலச்சினைகள் பலவும் பாஸின் அலுவலகத்திலிருந்து இக்காலத்தில் வந்தவை. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மணியும் (1969) பின்னர் அதன் உருண்டையும் (1983) அவற்றுள் அடங்கும். முழுநீளப் படமாக பாஸ் இயக்கிய ஒன்றே ஒன்று, எறும்புகள் மனிதரை வெல்ல முனையும் 'ஃபேஸ் ஃபோர்' (1974). அது ஓடவில்லை. அவரது சாதனையின் அளவு மூன்று நிமிடம் என்பதை அத்தோல்வி உறுதி செய்தது என்று சிலர் எழுதினார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. எறும்புகளை அண்மையில் காட்டும் அப்படத்தின் பகுதிகள் இன்றும் வியப்பூட்டுபவை. என்றாலும், குறளின் அளவு ஒன்றே முக்கால் அடி என்பது யாருக்கும் குறையாகத் தெரிவதில்லை.

'தி சோலார் ஃபிலிம்' (1980) இருவர் பெயரிலும் வந்தது. அதற்குப் பின், பழைய படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இயக்குநர்களானபோது, அவர்கள் இந்த முதியவர்களைத் தேடி வந்தார்கள். மார்ட்டின் ஸ்கோர்செஸிக்காக நான்கு படங்கள். 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தில் பெயர்கள் நெடுஞ்சாலையில் கார்கள் கடப்பதுபோலப் பாய்ந்து செல்கின்றன. 'கேப் ஃபியர்' (1991) முழுவதும் நீரின் நெளிவு. 'தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்' (1993) படத்தில் பின்னல் துணியும் கையெழுத்தும் மேலே படர, பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிகின்றன. விரியும் வேகத்திலேயே ஏதோ மூச்சுமுட்டுகிறது. 'கேசினோ' (1995) படத்தில் வெடித்த காரிலிருந்து தூக்கி எறியப்பட்ட மனிதன், பாஹின் இசையில், நெருப்புக்கும் லாஸ் வேகஸின் விளக்குகளுக்கும் நடுவே மிதந்து விழுகிறான். இப்படங்களில் 'எலைன் அண்ட் சால் பாஸ்' என்று போடப்பட்டிருக்கிறது. அவர் பெயர் முன்னே, இவர் பெயர் பின்னே. முப்பது ஆண்டு தாமதமாக வந்த நியாயம் அது. 1996 ஏப்ரல் 25ஆம் நாள் சால் பாஸ் காலமானார். 2011இல் மகள் ஜெனிஃபர் பாஸும் வடிவமைப்பு வரலாற்றாசிரியர் பாட் கிர்க்கமும் கொண்டுவந்த பெருநூல், எலைனின் பங்கை விரிவாகப் பதிவுசெய்தது. ட்ரம்போவுக்கோ 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கர் கிடைத்தது 1993இல். அப்போது அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

*

'கேசினோ' வந்த அதே 1995இல், கைல் கூப்பர் 'செவன்' படத்துக்காக எழுத்துகளை ஃபிலிம் மீதே கீறி எழுதினார். அக்கலை மறுபிறவி எடுத்தது. 1993இல் வந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்கள், ஓர் அலுவலகமே செய்த வேலையை ஒரு மேசைக்குள் கொண்டுவந்தன. மறுபுறம், 2017இல் நெட்பிளிக்ஸ் தொடக்கத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தானைக் கொடுத்தது. முறுக்கு வாங்க வெளியே நிற்கும் வழக்கம் அவ்வாறாக வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

நம் குறுந்தொகையில் பெயர் மறைந்த புலவர் சிலரை, அவர்கள் ஆண்ட உவமையாலேயே அழைக்கிறோம். செம்புலப் பெயனீரார் அப்படிப் பெயர் பெற்றவர். தொகுத்தவர்கள் காட்டிய பெருந்தன்மை அது. ஆயினும் அந்த மனிதரின் பெயர் போனது போனதுதான். சுருளைப் பார்த்து விட்னியையும், கரும்பூனையைப் பார்த்து எலைனையும் அவ்வாறே அழைத்துவிட்டு நாம் நிறைவடைந்துவிட முடியாது. அவர்கள் காலம் நமக்கு அண்மையது, ஆவணங்கள் உள்ளன, பெயர்களைத் திரும்ப எழுத முடியும். அடுத்த முறை ஒரு படத்தின் முன்னே எழுத்து ஓடும்போது பொத்தானை அழுத்தாமல் ஓடவிடுங்கள். யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இருக்க வேண்டிய யார் பெயர் இல்லை என்றும் ஒருகணம் யோசித்துப் பாருங்கள்.